நாடகத்துக்காக நடித்தவர்: கிரீஷ் கர்னாடின் பிழைப்பும் படைப்பும்

1994இல் வெளியான 'காதலன்' படத்தில் ஒரு கவர்னர் வருவார். நாயகியின் தந்தை. மகளைக் காதலிக்கும் கான்ஸ்டபிள் மகனைப் பிடித்து அடைத்து வதைப்பவர்; தன் காரியம் நடக்க ஊரில் குண்டு வைக்கவும் துணிந்தவர். தமிழ் ரசிகர்கள் அந்த முகத்தை இன்றும் மறக்கவில்லை. அதே 1994இல் கன்னட மொழிக்கான சாகித்திய அகாதெமி விருது 'தலெதண்ட' என்ற நாடகத்துக்குக் கிடைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரில், பசவண்ணரைப் பின்பற்றிய சரணர்கள் பிராமணப் பெண்ணுக்கும் செருப்புத் தைப்பவரின் மகனுக்கும் மணம் செய்துவைத்ததையும், அதற்காக அந்த நகரம் ரத்தத்தில் நனைந்ததையும் சொல்லும் நாடகம் அது. அந்த நாடகத்தை எழுதியவரும் இந்தக் கவர்னராக நடித்தவரும் ஒருவரே: கிரீஷ் கர்னாட்.

இப்படிப்பட்டவர்களைப் 'பன்முகக் கலைஞர்' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். அந்தப் பாராட்டு ஒரு கேள்வியை மூடிவிடுகிறது. நாடகம் எழுதுகிற ஒருவர் அடுப்பெரிய என்ன செய்தார்? கர்னாடின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு படித்தால் அவருடைய பல முகங்களும் ஓர் ஒழுங்குக்குள் வந்து நிற்கின்றன. நடுவில் நாடகம் இருக்கிறது. திரைக்கதையும் நடிப்பும் பதவிகளும் அதைச் சுற்றி அவர் எழுப்பிக்கொண்ட வேலி. வேலி சில நேரம் பயிரின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. ஆனால் அது இல்லாமல் அந்தப் பயிர் பிழைத்திருக்காது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பெட்ரோமாக்ஸும் மின்விளக்கும்

கர்னாட் 1938 மே 19 அன்று மும்பைக்கு அருகிலுள்ள மாதேரானில் பிறந்தார். வீட்டு மொழி கொங்கணி. தந்தை அரசு மருத்துவர். வளர்ந்தது வட கர்நாடகத்தில், முதலில் சிர்சி, பிறகு தார்வாட். சிர்சியில் ஊருக்கு வந்துபோகும் நாடகக் கம்பெனிகளையும், இரவெல்லாம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடக்கும் யட்சகானத்தையும் சிறுவனாகப் பார்த்தார். தார்வாட் கர்நாடகக் கல்லூரியில் கணிதமும் புள்ளியியலும் படித்து 1958இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காகப் பம்பாய் போனபோது இப்ராகிம் அல்காசி இயக்கிய ஸ்டிரிண்ட்பெர்க்கின் 'மிஸ் ஜூலி' நாடகத்தைப் பார்த்தார். மேடை விளக்குகள் மெல்ல மங்கி இருளாவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். மனித மனத்துக்குள் இவ்வளவு குரூரமாக இறங்க முடியுமா என்ற அதிர்ச்சியும், விளக்கைக் குறைத்துக் கூட்டுவதன் வியப்பும் சேர்ந்தே அவரைத் தாக்கியதாகப் பின்னாளில் எழுதினார். ஒரு கண்ணில் பெட்ரோமாக்ஸ், மறு கண்ணில் மங்கும் மின்விளக்கு. அவருடைய நாடகக் கலை இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தது.

1960இல் ரோட்ஸ் உதவித்தொகையோடு ஆக்ஸ்ஃபோர்டு புறப்பட்டார். ஆங்கிலக் கவிஞராக வேண்டும் என்பதே அப்போதைய கனவு. பயணத்துக்கு முந்தைய நாட்களில் எழுத உட்கார்ந்தபோது வந்தது நாடகம், அதுவும் கன்னடத்தில். தன் முதுமையை மகன் பூருவிடம் மாற்றிக்கொண்ட யயாதியின் கதை. வெளிநாடு போகும் பிள்ளை திரும்பி வருவானா என்ற வீட்டாரின் கவலையும், குடும்பத்துக்காக விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடியும் அந்தக் கதையைத் தன்னிடம் கொண்டுவந்து சேர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மூலக் கதையில் இல்லாத ஒருத்தியை அவர் அதில் சேர்த்தார்: பூருவின் மனைவி சித்ரலேகா. மகன் தந்தைக்காகத் தியாகம் செய்கிறான், சரி. அவனை நம்பி வந்தவளின் இளமைக்கு யார் பதில் சொல்வது? இருபத்திரண்டு வயதில் எழுப்பிய இந்தக் கேள்வியில் பிற்காலக் கர்னாட் முழுதாக இருக்கிறார்.

இந்த இடத்தில் தமிழோடு ஓர் இழை ஓடுகிறது. மகாபாரதத்தின் கிளைக்கதைகள் அவருக்குக் கல்லூரி நாட்களில் கிடைத்தது ராஜாஜி வழியாக. ராஜாஜி 'வியாசர் விருந்து' என்று தமிழில் எழுதி, பிறகு பாரதீய வித்யா பவன் ஆங்கிலத்தில் வெளியிட்ட பாரதச் சுருக்கத்தைத்தான் அவர் படித்தார். எவ்வளவோ கதைகளை விட்டுவிட வேண்டியிருந்த ஒரு சுருக்க நூலில் யவக்ரீதன் கதையை ராஜாஜி விடாமல் வைத்திருந்தார். அது கர்னாடின் மனத்திலேயே கிடந்து, 1990களின் நடுவில்தான் 'அக்னி மத்து மளெ' நாடகமாக வெளிவந்தது.

'யயாதி' 1961இல் தார்வாடின் மனோகர கிரந்தமாலை வழியாக நூலானது. ஜி.பி. ஜோஷி நடத்திய சிறிய பதிப்பகம் அது. அதன் மாடி அறையில் எழுத்தாளர்கள் கூடுவார்கள். விமர்சகர் கீர்த்திநாத் குர்த்தகோடி அங்கிருந்துதான் கர்னாடின் எழுத்தைத் திருத்தியும் தூண்டியும் வந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் வந்தபோதும் கர்னாட் கன்னடத்தில் அந்தத் தார்வாட் பதிப்பகத்தோடுதான் நின்றார்.

மதராஸில் ஏழு ஆண்டுகள்

ஆக்ஸ்ஃபோர்டில் மாணவர் விவாத மன்றமான ஆக்ஸ்ஃபோர்டு யூனியனின் தலைவராகும் அளவுக்கு உயர்ந்துவிட்டு, 1963இல் இந்தியா திரும்பினார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் மதராஸ் அலுவலகத்தில் வேலை. 1970 வரை இங்கேதான் இருந்தார். அவரை இந்திய நாடகாசிரியராக்கிய 'துக்ளக்' 1964இல் வந்தது.

தமிழ் வாசகருக்குத் துக்ளக் என்றதும் சோ நினைவுக்கு வருவார். சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968இல் மேடையேறிய அரசியல் நையாண்டி. கர்னாடின் நாடகம் அதற்கு முந்தையது, இயல்பிலும் வேறானது. கன்னடத்தில் தீவிரமான வரலாற்று நாடகம் இல்லையே என்ற குர்த்தகோடியின் ஆதங்கத்திலிருந்து பிறந்தது. இந்து முஸ்லிம் பேதமற்ற ஆட்சி வேண்டும் என்று கனவு கண்ட ஒரு சுல்தான், அந்தக் கனவைத் திணிக்கும் அவசரத்தில் கொலைகாரனாக மாறுகிறான். தலைநகர் தில்லியிலிருந்து தௌலதாபாதுக்குப் போகிறது. செப்பு நாணயம் வருகிறது. கள்ள நாணயம் பெருகுகிறது. தொழுகை நேரத்தைக்கூடச் சதி விட்டுவைக்கவில்லை. நேரு காலத்தின் கனவும் சோர்வும் அதில் தெரிவதாக அன்றைய பார்வையாளர்கள் உணர்ந்தார்கள்.

இந்த நாடகத்தின் கட்டுமானத்தைக் கம்பெனி நாடகத்திலிருந்து எடுத்ததாகக் கர்னாட் விளக்கியிருக்கிறார். பார்சி பாணிக் கம்பெனிகளில் காட்சிகள் இரண்டு வகை. திரைச்சீலைக்கு முன்னால் குறுகிய இடத்தில் நடக்கும் நகைச்சுவைக் காட்சி. அதற்குள் பின்னால் அரண்மனை தயாராகிவிடும். திரை விலகியதும் ஆழமான மேடையில் பெரிய காட்சி. கர்னாட் முன்காட்சிகளை அஜீஸ், ஆஜம் என்ற இரண்டு திருடர்களுக்கும், பின்காட்சிகளை சுல்தானுக்கும் ஒதுக்கினார். எழுத எழுத அந்த எல்லை உடைந்தது. அஜீஸ் ஒரு சலவைத் தொழிலாளி. பிராமணனாக வேடம் போட்டு அரசிடம் நியாயம் வாங்குகிறான், அதிகாரியாகிறான், கடைசியில் கலீபாவின் வழித்தோன்றலாக வந்து நிற்கிறான். சுல்தானின் ஒவ்வொரு நல்ல சட்டத்துக்கும் அவனிடம் ஒரு வேடம் தயாராக இருக்கிறது. இறுதியில் சுல்தானும் அவனும் நேருக்கு நேர் நிற்கும்போது, யார் பெரிய வேடதாரி என்று பிரித்துச் சொல்வது கடினமாகிவிடுகிறது.

மாலைகளில் அவர் மெட்ராஸ் பிளேயர்ஸ் என்ற ஆங்கில நாடகக் குழுவோடு இருந்தார். அந்த நட்பு வட்டத்திலிருந்துதான் 'சம்ஸ்காரா' படம் பிறந்தது. யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவலுக்குக் கர்னாட் திரைக்கதை எழுதினார், நாயகன் பிராணேசாச்சாரியராகவும் நடித்தார். இயக்கம் பட்டாபிராம ரெட்டி. சந்திரியாக மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவின் சிநேகலதா ரெட்டி, நாரணப்பாவாக எழுத்தாளர் பி. லங்கேஷ். கலை இயக்கம் சோழமண்டல ஓவியர் எஸ்.ஜி. வாசுதேவ். ஒளிப்பதிவு ஆஸ்திரேலியரான டாம் கோவன். சிருங்கேரிக்கு அருகில் ஒரு கிராமத்தில் படப்பிடிப்பு. அக்கிரகாரத்தில் ஆசாரங்களை உதறித்தள்ளிய ஒருவன் பிளேக்கில் சாக, பிணத்தை யார் எரிப்பது என்று மற்றவர்கள் தவிக்கும் கதை. மதராஸ் தணிக்கைக் குழு முதலில் தடை விதித்தது. தடை நீங்கி 1970இல் வெளிவந்த படம் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. கன்னட சினிமாவுக்கு அந்த விருது அதுவே முதல்முறை.

அந்த ஆண்டே பதிப்பகத்து வேலையை விட்டார். வயது முப்பத்திரண்டு. கையில் ஹோமி பாபா நல்கை. அந்த நல்கைக் காலத்தில் 'ஹயவதன' எழுதினார். அதை 1972 டிசம்பரில் மெட்ராஸ் பிளேயர்ஸ் ஆங்கிலத்தில் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் மேடையேற்றியது.

எழுத்துக்கு யார் கூலி தருவது?

வேலையை விட்டது துணிச்சல் என்று சொல்வது எளிது. அடுத்த மாதத்துச் செலவை எப்படிச் சமாளித்தார் என்பதைப் பார்த்தால்தான் அந்தத் துணிச்சலின் அளவு விளங்கும்.

குப்பி வீரண்ணா காலத்துக் கன்னடக் கம்பெனிகளில் நாடகம் எழுதுகிறவருக்குக் கம்பெனிதான் படியளந்தது. பேசும் படம் வந்தபின் கம்பெனிகள் தேய்ந்தன. 1950, 60களில் எழுந்த புதிய நாடக இயக்கம் பகலில் அலுவலகம் போய், மாலையில் ஒத்திகை பார்க்கும் அமெச்சூர் குழுக்களை நம்பியது. பெரும்பாலான குழுக்கள் ஒரு நாடகத்தைச் சில இரவுகள்தான் நடத்தும். நுழைவுச் சீட்டில் அரங்க வாடகையும் விளக்குச் செலவும் போக எஞ்சுவது சொற்பம். அதில் ஆசிரியருக்கான ராயல்டி ஒரு மரியாதைத் தொகை. அகில இந்தியப் புகழும் காலியான பையும் ஒன்றாக இருக்க முடிந்த காலம் அது.

அவரோடு சேர்த்துப் பேசப்படும் மற்ற மூவரையும் பாருங்கள். பாதல் சர்க்கார் நகரத் திட்டமிடல் பொறியாளர். மோகன் ராகேஷ் ஆசிரியராகவும் 'சாரிகா' இதழின் பொறுப்பாசிரியராகவும் இருந்தவர். விஜய் டெண்டுல்கர் பத்திரிகையாளர். பின்னர் 'நிஷாந்த்', 'மந்தன்', 'அர்த் சத்ய' போன்ற படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர். நவீன இந்திய நாடகத்தின் நான்கு தூண்கள் என்று நாம் போற்றும் யாருக்கும் நாடகம் சோறு போடவில்லை.

கர்னாட் தேர்ந்த வழி சினிமா. நாடகமே தன் முதல் ஈடுபாடு என்பதையும், வணிகப் படங்களில் நடிப்பது வருமானத்துக்காக என்பதையும் அவர் பேட்டிகளில் மறைத்ததே இல்லை. பதவிகளும் வந்தன. புனே திரைப்படக் கல்லூரியின் இயக்குநர், மத்திய சங்கீத நாடக அகாதெமியின் தலைவர் (1988-93), லண்டன் நேரு மையத்தின் இயக்குநர் (2000-03). எதிலும் நெடுநாள் ஒட்டிக்கொள்ளவில்லை. புனே கல்லூரிக்கு 1974இல் போனார். நெருக்கடி நிலைக் காலத்தில் வெளியேறினார். அங்கே இருந்தபோது மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதிரணியில் நின்றவர்களில் ஒருவர் நடிப்புப் பிரிவு மாணவர் நசீருத்தீன் ஷா. பிறகு ஷ்யாம் பெனகல் 'நிஷாந்த்' படத்துக்கு நடிகர் தேடியபோது, தன்னோடு மோதிய அதே மாணவரின் பெயரைக் கர்னாட் பரிந்துரைத்தார். நசீருத்தீன் ஷாவே தன் சுயசரிதையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சண்டை வேறு, திறமை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த மனம் அது.

திரைக்கதை: பிறர் நிலத்தில் உழவு

கர்னாடின் திரைப்பணியைப் பட்டியலிட்டுப் பார்க்கும்போது ஒரு விஷயம் துலங்குகிறது. 'சம்ஸ்காரா' அனந்தமூர்த்தியின் நாவல். பி.வி. காரந்தோடு சேர்ந்து இயக்கி, இயக்கத்துக்கான தேசிய விருதை இருவரும் பகிர்ந்துகொண்ட 'வம்சவிருட்ச' எஸ்.எல். பைரப்பாவின் நாவல். 'காடு' (1973) ஸ்ரீகிருஷ்ண ஆலனஹள்ளியுடையது. 'கானூரு ஹெக்கடிதி' (1999) குவெம்புவுடையது. சசி கபூர் தயாரித்த 'உத்சவ்' (1984) சூத்திரகரின் 'மிருச்சகடிக'த்திலிருந்து பிறந்தது. 'செலுவி' (1992) பெண் மரமாக மாறும் நாட்டுப்புறக் கதை. சங்கர் நாக் நடித்த 'ஒந்தானொந்து காலதல்லி' (1978) போன்ற ஒன்றிரண்டே விதிவிலக்கு. தன் சொந்த நாடகம் எதையும் அவர் படமாக இயக்கவில்லை. 'நாகமண்டல'வைப் படமாக்கியவர் டி.எஸ். நாகாபரணா, 'அக்னி மத்து மளெ' வேறொருவர் கையில் 'அக்னிவர்ஷா' என்ற இந்திப் படமானது.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சினிமாவில் எழுத்து கூட்டு வேலை. மராத்தி நடிகை ஹம்சா வாட்கரின் சுயசரிதையை வைத்து எடுத்த 'பூமிகா' (1977) படத்தின் திரைக்கதைக்குக் கிடைத்த தேசிய விருதை ஷ்யாம் பெனகல், சத்யதேவ் துபே, கர்னாட் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். பாரதப் போரைத் தொழிலதிபர் குடும்பச் சண்டையாக்கிய 'கல்யுக்' படத்தின் திரைக்கதையும் கூட்டு எழுத்துதான். அங்கே அவர் ஒரு தேர்ந்த கைவினைஞர்: பிறர் கதையின் எலும்பை அறிந்து, காட்சிகளாக வெட்டித் தருபவர். நாடகத்தில் மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவரே பொறுப்பு. கன்னடத்தில் எழுதியதைத் தானே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனார். தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே நிலத்தை அவர் கேமராவுக்குக் குத்தகை விடவில்லை.

அப்பா, கவர்னர், தலைமை அதிகாரி

நடிப்பின் கதை கொஞ்சம் வேறு. முதல் பத்தாண்டில் அவருக்கு நாயக வேடங்களே கிடைத்தன. குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த 'மந்தன்' (1976) படத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வரும் டாக்டர் ராவ் அவர்தான். 'சுவாமி' (1977) படத்தில் மனைவியின் மனம் மாறப் பொறுமையாகக் காத்திருக்கும் கணவன். இரண்டுமே அடங்கிய, உள்வாங்கிய நடிப்பு. மராத்தியில் ஸ்மிதா பாட்டீலோடு 'உம்பர்டா', தெலுங்கிலும் கன்னடத்திலும் 'ஆனந்த பைரவி', மலையாளத்தில் பரதனின் 'நீலக்குறிஞ்சி பூத்தப்போள்' என்று மொழி தாண்டிப் போனார். ஆர்.கே. நாராயணின் 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடரில் சுவாமியின் கண்டிப்பான அப்பாவாக நாடெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தார்.

அந்த 'அப்பா' அப்புறம் அவரை விடவில்லை. தமிழில் 'நான் அடிமை இல்லை', 'காதலன்', 'மின்சார கனவு', 'ஹே ராம்' எல்லாவற்றிலும் அவர் நாயகியின் தந்தை. இந்தியில் சல்மான் கான் நடித்த 'ஏக் தா டைகர்' (2012) படத்தில் உளவுத் துறைத் தலைவர். நிமிர்ந்த உடல், அவசரமில்லாத பேச்சு, படித்த மனிதரின் தோரணை. அதிகாரத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்றால் இயக்குநர்கள் அவரைத் தேடினார்கள். அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' ஆங்கில ஒலிநூலாக வந்தபோதும் வாசித்தது அவர் குரலே.

இப்போது நாடகங்களுக்குத் திரும்பினால் ஒன்று புரிகிறது. கேமரா எந்த அதிகாரத்தின் முகமாக அவரைப் பயன்படுத்தியதோ, அந்த அதிகாரத்தைத்தான் அவருடைய பேனா வாழ்நாளெல்லாம் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மகனின் இளமையைத் தின்னும் தந்தை யயாதி. கனவைச் சட்டமாக்கி மக்களைக் கொல்லும் துக்ளக். சரணர்களைக் காப்பதா, அரியணையைக் காப்பதா என்று தத்தளிக்கும் மன்னன் பிஜ்ஜளன். பி.பி.சி. வானொலிக்காக எழுதிய திப்பு. கடைசி நாடகமான 'ராட்சச தங்கடி'யில் 1565ஆம் ஆண்டுப் போரில் விஜயநகரத்தை இழக்கும் ராமராயன். இவர்களில் யாரையும் அவர் வெறும் கொடியவராகக் காட்டவில்லை. அதிகாரத்தில் இருப்பவர் தனக்கே சொல்லிக்கொள்ளும் நியாயத்தை முழுதாகப் பேசவிட்டு, பிறகு அதன் விலையைக் காட்டினார். சினிமா அவருக்குக் கொடுத்த அப்பாக்களுக்கும் அதிகாரிகளுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு கோபம்தான் இருந்தது. அவர்களுக்கு எழுதப்படாத மனசாட்சியை அவர் நாடகத்தில் எழுதினார்.

வேடமே பொருளாக

நடிப்பைப் பிழைப்பாகக் கொண்டதால் அவர் அதை இளக்காரமாக நினைத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. வேடம் போடுவது என்றால் என்ன என்று அவரைப் போல் விடாமல் கேட்ட நாடகாசிரியர்கள் குறைவு.

'ஹயவதன'வில் யட்சகானப் பாகவதர், முகமூடி, இரண்டு பேர் பிடிக்கும் அரைத்திரை எல்லாம் வருகின்றன. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்பது போலத்தான் அங்கே பாகவதர் நிற்கிறார். வேதாளக் கதையிலும் தாமஸ் மன்னின் குறுநாவலிலும் உள்ள தலைமாற்றுக் கதைதான் கரு. அறிவாளி தேவதத்தனின் தலை உழைப்பாளி கபிலனின் உடலில் ஏறுகிறது. இருவரையும் விரும்பிய பத்மினி நடுவில் நிற்கிறாள். தலைதான் உறுப்புகளில் உத்தமம், ஆகவே தலை எங்கோ அங்கே கணவன் என்பது பழைய கதையின் தீர்ப்பு. கர்னாட் அந்தத் தீர்ப்போடு நிறுத்தவில்லை. நாளாக ஆக உடல் தன் பழைய பழக்கத்தை விட்டுத் தலையின் சொல்படி மாறுவதையும், உடலுக்குள் புதைந்த நினைவுகள் தலையைத் தொந்தரவு செய்வதையும் காட்டினார்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் தங்கியிருந்த 1987-88இல் 'நாகமண்டல' வந்தது. சங்கப் பாடல்களை ஆங்கில உலகுக்குக் கொண்டுசென்ற ஏ.கே. ராமானுஜன் அங்கே பேராசிரியர். அவர் சொன்ன நாட்டுப்புறக் கதைகளே நாடகத்தின் கரு, நாடகமும் அவருக்கே காணிக்கை. அதன் தொடக்கத்தில் பாழடைந்த கோயிலில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். அவன் நாடகாசிரியன். தன் நாடகங்களால் எத்தனையோ பேரைத் தூங்கவைத்த பாவத்துக்காக, ஓர் இரவு முழுக்க விழித்திருக்காவிட்டால் சாவான் என்பது சாபம். ஊர் விளக்குகளின் சுடர்கள் கோயிலில் கூடிக் கதை பேச, அந்தக் கதை அவனை விழிக்கவைக்கிறது. கதை எழுதியவனுக்கல்ல, சொல்லப்படுவதற்கே உரியது என்ற நாட்டார் நம்பிக்கை இங்கே நாடகமாகவே ஆகிவிடுகிறது.

என் பார்வையில் அவருடைய உச்சம் 'அக்னி மத்து மளெ'. மழைக்காக ஏழு ஆண்டுகளாக வேள்வி நடக்கிறது. அண்ணன் பராவசு வேள்வியின் தலைமைப் புரோகிதர். தம்பி அரவசுவுக்கோ நடிக்க ஆசை. பழங்குடிப் பெண் நித்திலையிடம் காதல். நடித்தால் பிராமணன் சாதி இழப்பான். நடிகர்களின் தலைவன் வேள்விக்கூடத்துக்கு வெளியே தள்ளி நின்றுதான் நாடகம் போட அனுமதி கேட்க வேண்டும். வேள்வி, தவம், வேத அறிவு எல்லாமே பொறாமைக்கும் கொலைக்கும் கருவியாகிப்போக, அரவசு விருத்திரன் முகமூடியை அணிந்து மேடையேறுகிறான். முகமூடி அவனை ஆட்கொள்கிறது. கடைசியில் இந்திரன் வரம் தர வரும்போது, இறந்த நித்திலையைத் திரும்பக் கேட்பதா, அலையும் பிரம்மராட்சசனின் விடுதலையைக் கேட்பதா என்று அவன் தேர்ந்தாக வேண்டும். அவன் தனக்கு வேண்டியதை விட்டுக்கொடுத்த பிறகே மழை பெய்கிறது. ஏழு ஆண்டு வேள்வியால் வராத மழை, தீண்டத்தகாதவனாக ஒதுக்கப்பட்ட ஒரு நடிகனின் தியாகத்தால் வருகிறது. நடிப்புத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யார் செய்ய முடியும்?

2004க்குப் பின் வந்த 'ஒடகலு பிம்ப' முகமூடியை விட்டுத் தொலைக்காட்சி நிலையத்துக்குள் போகிறது. கன்னட எழுத்தாளர் மஞ்சுளா நாயக் திடீரென்று ஆங்கில நாவல் எழுதிப் பணமும் புகழும் பெறுகிறார். பேட்டி முடிந்து கிளம்பும்போது திரையிலுள்ள அவருடைய உருவம் எழாமல் அங்கேயே இருந்து கேள்வி கேட்கத் தொடங்குகிறது. நாவல் உண்மையில் யாருடையது? நோயுற்றுக் கிடந்த தங்கையுடையதா? முப்பது ஆண்டுக்கும் மேலாகத் தன் பிம்பத்தை விற்றுத் தன் எழுத்தைக் காத்துவந்த ஒருவரால்தான் அந்தக் காட்சியை இவ்வளவு உள்ளிருந்து எழுத முடியும்.

வரவும் செலவும்

'யயாதி'யிலிருந்து 'ராட்சச தங்கடி' வரை ஐம்பத்தேழு ஆண்டுகள். சுமார் 15 நாடகங்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒன்று. 1980இல் வந்த 'ஹிட்டின ஹுஞ்ச'வுக்கும் 1988இன் 'நாகமண்டல'வுக்கும் நடுவில் எட்டு ஆண்டு இடைவெளி. அவர் திரையில் மிகவும் ஓடிக்கொண்டிருந்த காலம் அதுதான். அந்த ஆண்டுகளில் சினிமா இரண்டு நாடகங்களையாவது விழுங்கியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். இந்தச் செலவை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

வரவு என்ன? எந்த அரங்க முதலாளிக்காகவும், எந்தக் கட்சிக்காகவும், எந்தப் பருவத்துத் தேவைக்காகவும் அவர் நாடகம் எழுத வேண்டியிருக்கவில்லை. மண்டல் இடஒதுக்கீட்டுச் சர்ச்சையும் அயோத்தி ராமர் கோயில் இயக்கமும் நாட்டைக் கொதிக்கவைத்த நாட்களில் சாதியையும் மதத்தையும் பற்றி 'தலெதண்ட' எழுத முடிந்தது. ஒரு கதையை நாற்பது ஆண்டுவரை மனத்திலேயே ஊறவிட முடிந்தது. 1998ஆம் ஆண்டின் ஞானபீட விருது வந்தபிறகும் அடுத்த ஆண்டே படப்பிடிப்புக்குப் போனார், அதில் கூச்சம் காட்டவில்லை. நம் மொழியிலும் நாடகம் எழுதுகிறவர்கள் வங்கியிலும் கல்லூரியிலும் பத்திரிகையிலும் வேலை பார்த்தபடியே எழுதினார்கள், எழுதுகிறார்கள். அவர்களுடைய படைப்பை மட்டும் பேசி, பிழைப்பைப் பேசாமல் விடுவது மரியாதை என்று நினைக்கிறோம். பிழைப்பைப் பேசினால்தான் ஒரு நாடகத்துக்கு உண்மையில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது தெரியும். எழுதுகிறவருக்குச் சமூகம் என்ன கடன்பட்டிருக்கிறது என்பதும் தெரியும்.

2018 செப்டம்பரில் பெங்களூரில், சுட்டுக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கௌரி லங்கேஷின் நினைவு நிகழ்ச்சிக்குக் கர்னாட் வந்தார். 'சம்ஸ்காரா'வில் தன்னோடு நடித்த பி. லங்கேஷின் மகள் அவர். நோய் முற்றிய நிலை. மூக்கில் ஆக்சிஜன் குழாய். கழுத்தில் 'நானும் நகர்ப்புற நக்சல்' என்று எழுதிய அட்டை; அரசை விமர்சித்தவர்கள் மீது அன்று குத்தப்பட்ட முத்திரையைத் தானே ஏந்திக்காட்டிய எதிர்ப்பு. எண்பது வயதில் அவர் எந்த வேடமும் இல்லாமல் போட்டுக்கொண்ட ஒரு வாசகம் அது.

2019 ஜூன் 10 அன்று காலையில் பெங்களூரில் தன் வீட்டில் இறந்தார். சடங்குகள் வேண்டாம், ஊர்வலம் வேண்டாம், அரசு மரியாதையும் வேண்டாம் என்பது அவர் விட்டுச்சென்ற சொல். குடும்பத்தார் அதன்படியே செய்தார்கள். திரையில் எத்தனையோ முறை அரசின் முகமாக வந்து நின்றவரின் உடல், துப்பாக்கி முழக்கம் எதுவும் இல்லாமல், எளிமையாக எரியூட்டப்பட்டது.